உள்ளே போய்விட்டுக் காசு கொடுங்கள்

தாமரையிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டால் பிறகு கவலையில்லை என்று பண்டமாரானில் எல்லாரும் சொல்வார்கள். அவளிடம் ஒப்படைத்த பிறகும் கவலைப்பட இடமுண்டு என்று அவர்களுக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

மலேசியாவில், பண்டமாரானுக்குப் பக்கத்திலுள்ள போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு லோரி கம்பெனியில் அவள் கண்ட்ரோலர். எந்த லோரி எந்தக் கண்டெய்னரை ஏற்ற வேண்டும், எந்த கேட்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். நாற்பது ஓட்டுநர்கள், ஆளுக்கொரு மீசை, அத்தனை பேரும் அவள் குரலுக்கு அடக்கம். முதலாளி சொன்னால்கூட "தாமரைக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் பாஸ்" என்றுதான் வண்டியை எடுப்பார்கள்.

அந்தத் தாமரைக்குப் பாடகி நீலவேணி என்றால் உயிர். சென்னையிலிருந்து நீலவேணி வருகிறார், சுபாங் ஜெயாவில் புதிதாகக் கட்டிய அரங்கில் ஒரே ஒரு நாள் கச்சேரி என்று விளம்பரம் வந்ததும், ஓட்டுநர் வீட்டுப் பெண்கள் பதினொரு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு. டிக்கெட் வாங்குவது அவள் பொறுப்பு.

அவளுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல், ஊலாட் ஒருவனிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினாள். இங்கே டிக்கெட்டைக் கும்பலாக வாங்கி வைத்துக்கொண்டு விலையேற்றி விற்கிறவனுக்கு ஊலாட் என்று பெயர். மலாயில் புழு என்று அர்த்தம். புழுவுக்கு அது அவமரியாதை. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, வாசலில் போய் நின்றால் டிக்கெட்டைச் சரிபார்க்கிற மிஷின் சிவப்புக் காட்டியது. அதே டிக்கெட்டில் வேறொருவர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கு விற்றானோ. போன காசைக்கூட அவள் மறந்துவிட்டாள். வாசல் காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்த பார்வையைத்தான் மறக்க முடியவில்லை. ஏமாந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது, திருடியைப் பார்க்கிற பார்வை. மூன்று மடங்கு காசு கொடுத்து வாங்கிய பட்டம்.

இந்தத் தடவை ஊலாட் முகத்தில் விழிக்கக் கூடாது என்று முடிவு செய்து, விற்பனைக்குப் படை திரட்டினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் விற்பனை. ஒருவர் நான்கு டிக்கெட்தான் வாங்கலாம். ஊலாட்டுகளிடம் ஆளுக்கு ஐம்பது கணக்கு இருக்கும், நம்மிடம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஒன்பது குடும்பங்களைக் கைப்பேசியோடு உட்கார வைத்தாள். கோத்தோங் ரோயோங், ஊர்கூடி வேலை செய்கிற மாதிரி. மூன்று பேருக்குக் கிடைத்தாலே போதும், பன்னிரண்டு வந்துவிடும். முதல் நாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "வரிசையில நிக்கறப்ப ஸ்கிரீன விட்டு வெளிய வந்தா இடம் போயிரும். உயிரே போனாலும் வெளிய வராதீங்க."

பத்து பதினைந்துக்கு மூன்று குடும்பங்களுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. தாமரை குழுவில் எழுதினாள்: போதும், மத்தவங்க நிறுத்திருங்க.

ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதி வருகிற உத்தரவை யாரும் படிக்கக் கூடாது, அவள் குரலில் கூப்பிட்டுச் சொன்னால் மட்டும்தான் பாதை மாற்ற வேண்டும் என்பது, வண்டி ஓட்டிக்கொண்டே கைப்பேசி பார்க்கிற ஓட்டுநர்களுக்காக அவளே போட்ட சட்டம். இருபது வருஷம் அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறாள். பழகிய பிள்ளைகள் அவள் கடைசியாக வாயால் சொன்னதை அப்படியே செய்தார்கள்.

பத்தரைக்கு விற்பனை முடிந்தது. ஒன்பது குடும்பத்திலிருந்தும் ஒன்பது படங்கள் வந்து விழுந்தன. முப்பத்தாறு டிக்கெட். நாடே டிக்கெட் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தபோது பண்டமாரானில் இருபத்துநான்கு மிச்சம்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, உயிரே போனாலும்னு," என்றார் நாகையா. நாற்பது ஓட்டுநர்களில் மூத்தவர். நான்கு டிக்கெட் வாங்கிவிட்ட பெருமை அவர் முகத்தில் இன்னும் இருந்தது.

விற்றதைத் திருப்பி வாங்க மாட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். டிக்கெட் ஒன்று நூற்று எண்பத்தெட்டு வெள்ளி, ரிங்கிட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர். அத்தனையும் ஓட்டுநர்களின் சம்பளக் காசு.

செய்தி எப்படித்தான் பரவுமோ, திங்கட்கிழமையே ஒருவன் கூப்பிட்டான். பிரவின் என்று பெயர். பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறானாம். குரலில் தேன் ஒழுகியது.

"அக்கா, இருபத்துநாலையும் நானே எடுத்துக்கறேன். ஒண்ணு முந்நூறு. இன்னிக்கே காசு."

"நீங்க எவ்வளவுக்கு விப்பீங்க தம்பி?"

"அது மார்க்கெட்டப் பொறுத்ததுக்கா. ஆறு நூறு இப்ப ஓடுது. ஆசைப்பட்டவங்க வாங்கறாங்க, நான் யாரையும் கட்டாயப்படுத்தல லா."

தாமரை போனை வைத்துவிட்டாள். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது அவள் தப்பு. தேநீர் நேரம், எட்டு ஓட்டுநர்கள் சுற்றி நின்றார்கள். முந்நூறு என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"நாம திருடலியேக்கா," என்று நாகையா மெதுவாக ஆரம்பித்தார். "தெரியாமத்தான வாங்கிட்டோம். வந்த லாபத்த ஏன் விடணும்?"

"அவன்கிட்ட குடுத்தா நாளைக்கு ரவாங்லேயோ கிள்ளான்லேயோ ஒரு பொம்பள ஆறு நூறு குடுத்து வாங்குவா. இல்லன்னா ஒரே டிக்கெட்ட மூணு பேருக்கு வித்து, மூணுல ரெண்டு பேர் வாசல்ல நிப்பாங்க. நான் நின்னவ அண்ணே. நம்ம கையிலேர்ந்து அது போகக் கூடாது."

"சரிக்கா. ஆனா வித்துக் காட்டுங்க. சம்பளக் காசு."

"கச்சேரி நாளுக்குள்ள போட்ட காசு போட்டவங்க கைக்கு வந்துரும். வரலன்னா நான் கட்டறேன்," என்றாள் தாமரை. அவள் சொன்னால் சொன்னதுதான், எல்லாரும் வண்டிக்குத் திரும்பினார்கள். ஆனால் அவளுக்குச் சுட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லுக்கு உத்தரவாதம் கேட்டது இதுவே முதல் தடவை.

அன்று மாலையே, கச்சேரி ரசிகர்கள் கூடுகிற முகநூல் பக்கத்தில் எழுதினாள்: தவறுதலாக அதிகம் வாங்கிவிட்டோம், இருபத்துநான்கு டிக்கெட், வாங்கிய விலைக்கே தருகிறோம்.

ஒரு மணி நேரத்தில் எழுபது பேர் பதில் எழுதினார்கள். ஒருவர்கூட டிக்கெட் கேட்கவில்லை. இந்த விலைக்கு யார் கொடுப்பார்கள், கண்டிப்பாக ஏமாற்று வேலை, காசு அனுப்பாதீர்கள் என்று ஊருக்கு ஊர் எச்சரிக்கை. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் ரவாங்கைச் சேர்ந்த ராதாகிருஷ்ணன், தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருஷம் ஊலாட்டிடம் எழுநூறு வெள்ளி தொலைத்த கதையை முழுக்க எழுதி, பட்டுப்புடவையில் இருந்த தாமரையின் முகநூல் படத்தைக் காட்டி முடித்திருந்தார்: "இது பட்டுப்புடவை கட்டின ஊலாட். ஜாக்கிரதை."

தாமரை அதை மூன்று தடவை படித்தாள். அறுநூறு வெள்ளி கேட்கிறவனை ஊர் நம்புகிறது. எரிச்சலோடு, திட்டிக்கொண்டே, ஆனால் நம்பிக் காசு அனுப்புகிறது. நியாயமான விலை சொல்கிறவள் மட்டும் திருடி. ஊலாட்டுகள் டிக்கெட்டை மட்டுமா வாங்கி வைத்திருக்கிறார்கள்? ஒரு மனுஷி உண்மை சொல்வாள் என்ற எண்ணத்தையும் சேர்த்தல்லவா வாங்கிக் குடோனில் பூட்டிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

மறுநாள் காலையில் நாகையா முந்தைய நாள் டி.ஓ. என்கிற டெலிவரி ஆர்டர் காகிதங்களை மேசையில் வைத்தபோது வழி கிடைத்தது. லோரி போய்ச் சேர்ந்து, சாமான் இறங்கி, சரக்குக்காரர் எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து வந்த பிறகுதான் பில். முன்பின் தெரியாதவர்களோடு இருபது வருஷமாக அப்படித்தான் தொழில் நடக்கிறது, ஒருவரையொருவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல்.

புதிதாக எழுதினாள்: காசு முன்னால் வேண்டாம். கச்சேரி அன்று மாலை ஆறு மணிக்கு அரங்கத்தின் கேட்டுக்கு வாருங்கள். டிக்கெட்டை அங்கேயே தருகிறேன். மிஷின் பச்சை காட்டி, உள்ளே போய், உங்கள் நாற்காலியைக் கண்ணால் பார்த்துவிட்டு, டிக்கெட்டில் போட்டிருக்கிற விலையைக் கைப்பேசியில் அனுப்புங்கள்.

"உள்ள போய்ட்டு அனுப்பலன்னா?" என்றார் நாகையா.

"அப்ப என் சம்பளத்துல போகும். உங்க காசு இல்லண்ணே."

முதலில் கேட்டவர் பரீதா, பிரிக்பீல்ட்ஸில் அண்ணனோடு துணிக்கடை நடத்துகிறவர். "துணிய வீட்டுக்குக் கொண்டுபோய் பாத்துட்டு காசு குடுங்கன்னு எங்க வாப்பாவும் சொல்வாரு. எனக்கு நாலு வைங்க," என்றார். அதன்பின் வரிசையாகக் கேட்டார்கள். என்ன தந்திரம் என்று கேட்டுக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. கடைசியில் ராதாகிருஷ்ணனே எழுதினார், தனக்கும் மனைவி இராஜம்மாவுக்கும் இரண்டு என்று. தாமரை மற்றவர்களுக்கு எழுதியதையே அவருக்கும் எழுதினாள்: ஆறு மணி, கேட்டுக்கு வாங்க.

கச்சேரி நாளன்று, தன் கூட்டத்துப் பதினொரு பெண்களை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, பச்சைப் புடவையும் கையில் கோப்புமாகத் தாமரை வாசலோரம் நின்றாள். ஒவ்வொரு டிக்கெட்டையும் அலுவலகத்தில் அச்செடுத்து, மேலே பெயர் எழுதி வைத்திருந்தாள். ஆள் வந்தால் பெயர் கேட்பாள், காகிதத்தைக் கொடுப்பாள், மிஷின்வரை கூடவே போவாள், பச்சை விழுந்ததும் பட்டியலில் ஒரு கோடு. பெரிய கண்டெய்னர் கப்பல் வந்த நாள் மாதிரி இருந்தது. பரீதா வந்தார், மூன்று பேரோடு. ஷா ஆலாமிலிருந்து டிக்கெட் கேட்டிருந்த ஆசிரியைகள் வந்தார்கள். சற்றுத் தள்ளி ஊலாட்டுகள் காதோடு காதாக விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ராதாகிருஷ்ணன் வந்தபோது கைப்பேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். தாமரைக்குப் புரிந்தது. "நல்லா எடுங்க அங்கிள், பேப்பர்ல நம்பர் தெரியற மாதிரி எடுங்க," என்று டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். மிஷின் இரண்டு தடவையும் பச்சை காட்டியது. இராஜம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ராதாகிருஷ்ணன் சிரிக்கவில்லை, கைப்பேசியைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார்.

ஏழேகால். இருபத்துமூன்று பேர் உள்ளே. சுபாங் ஜெயாவிலிருந்து வரவேண்டிய இருவரில் ஒருவர் மட்டும் வந்தார், மற்றவருக்குக் காய்ச்சலாம். கையில் ஒரு டிக்கெட் மிச்சம், கூடவே அவளுடையது. தாமரை கைப்பேசியைப் பார்த்தாள். இருபத்துமூன்று பேரில் ஒருவரும் காசு அனுப்பவில்லை. ஒரே ஒரு செய்திகூட இல்லை. நாகையாவின் முகம் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அரங்கத்தின் பாதுகாப்பு மேலாளர் இரண்டு காவலாளிகளோடு வந்து நின்றார். பச்சைப் புடவை கட்டிய பெண் முன்பின் தெரியாதவர்களுக்கு டிக்கெட் விற்பதாகப் புகார் வந்திருக்கிறது, கோப்பைக் கொடுங்கள் என்று மலாயில் கேட்டார்.

"வித்தேன். வாங்கின விலைக்கு," என்றாள் தாமரை, அவளும் மலாயில்.

"இதுவரை எவ்வளவு வாங்கினீர்கள், புவான்?" என்றார், மலாயில் அம்மா என்கிற மரியாதையோடு.

"ஒண்ணும் வாங்கல."

மேலாளர் காவலாளிகளைப் பார்த்தார். இருபத்துமூன்று டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒரு காசும் வாங்காதவள் எந்த ஊரில் இருக்கிறாள்? கோப்பை வாங்கிக்கொண்டு, அலுவலக அறைக்கு வாருங்கள், அங்கே பேசலாம் என்றார். காவலாளி ஒருவன் அவள் முழங்கையருகே வந்து நின்றான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாமரைக்குக் காது கொதித்தது. இருந்தாலும் குரலை உயர்த்தாமல், "எந்த ரூமுக்கும் வரமாட்டேன். இங்கயே கேளுங்க, நான் செஞ்சது எல்லாரும் பாக்க செஞ்சது," என்றாள்.

மிஷின் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. ராதாகிருஷ்ணன் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முயன்றார். வெளியே வந்தால் அந்த டிக்கெட் செல்லாது, மறுபடி விடமாட்டோம் என்று காவலாளி தடுத்தான். "தெரியும், விடு," என்று அவர் வெளியே வந்துவிட்டார்.

"புகார் குடுத்தது நான்தான்," என்று மேலாளரிடம் சொன்னார். "சாயந்தரம் வந்ததும் வராததுமா உங்க ஆளுங்ககிட்ட சொன்னேன். இவங்க ஏமாத்தறவங்கன்னு நெனச்சேன். தப்பு என்மேல. இவங்க என்கிட்ட ஒரு காசும் வாங்கல. என் டிக்கெட் நல்ல டிக்கெட், என் மனைவி உள்ள உக்காந்திருக்கா."

"அப்படியானால் ஏன் யாரும் காசு அனுப்பவில்லை?" என்று மேலாளர் விடாமல் கேட்டார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு பரீதா நின்றார், அவர் பின்னால் ஷா ஆலாம் ஆசிரியைகள், இன்னும் பத்துப் பதினைந்து முகங்கள். பரீதாவின் ஒரு கையில் ரப்பர் போட்ட நோட்டுக் கட்டு, மறு கையில் காகிதம்.

"லைன் எங்க கெடைக்குது? எட்டாயிரம் பேர் ஒரே எடத்துல போன் நோண்டிக்கிட்டு இருக்கோம், ஒரு மெசேஜும் போகல," என்றார் பரீதா. "அதான் டிக்கெட்டுல நீங்க எழுதின பேரப் பாத்து, சீட்டு சீட்டா போய் கையில வாங்கிட்டேன். இந்த அங்கிளோட ரெண்டும் அவர் வீட்டம்மா குடுத்துட்டாங்க. இந்தாங்க பேர், இந்தாங்க தொகை. ஆளுக்கு நூத்தி எண்பத்தெட்டு. ஒரு காசு கூடுதலும் இல்ல, கொறைவும் இல்ல."

மேலாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பரீதா துணிக்கடைக்காரர், எழுத்து முத்து முத்தாக இருந்தது. உள்ளே மேளம் அதிரத் தொடங்கியது, எட்டாயிரம் பேரின் ஆரவாரம் சுவரைத் தாண்டி வந்தது. கம்பியருகே நின்றவர்களில் ஒருவரும் நகரவில்லை.

"கச்சேரி ஆரம்பித்துவிட்டது, நீங்கள் போகலாம்," என்றார் மேலாளர் அவர்களிடம்.

"அக்காவ விடுங்க, போறோம்," என்றார் ஓர் ஆசிரியை.

மேலாளர் கோப்பை மூடித் தாமரையிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்டார், நன்றாகவே கேட்டார். காவலாளி இரண்டடி தள்ளிப் போய் நின்றான். தாமரைக்குப் பெருமையாக இருந்தது. அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் தெரியாத இருபத்துமூன்று பேர், கொடுக்காமல் இருந்தால் காசு மிச்சம் என்று தெரிந்த இருபத்துமூன்று பேர், காசைக் கொடுத்துவிட்டார்கள், அவர்களில் பாதிக்கு மேல் நீலவேணியின் முதல் பாட்டை விட்டுவிட்டு வந்து அவளுக்காக நிற்கிறார்கள். ஊலாட் பூட்டி வைத்த குடோனை உடைத்தாகிவிட்டது.

ராதாகிருஷ்ணன் மட்டும் வெளியே நின்றார். அவர் டிக்கெட் செத்துவிட்டது.

"இராஜம்மாகிட்ட சொல்லிருங்கமா, நான் கார்ல இருக்கேன்னு," என்றார். "என்ன மன்னிச்சிருங்க. அந்த எழுநூறு போனதுலேர்ந்து எனக்கு எல்லாரும் அப்படித்தான் தெரியறாங்க."

தாமரை கோப்பிலிருந்து மிச்சமிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்பாக்கெட்டிலிருந்து பணப்பையை எடுத்தார். அவமானப்படுத்திய தன்னிடம் அவள் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று அவர் இருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"எவ்வளவுமா?"

"அதுலயே போட்டிருக்கு அங்கிள், படிங்க."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நூற்று எண்பத்தெட்டு. பணப்பையைத் திறக்கப் போன கையைத் தாமரை தடுத்தாள்.

"மொதல்ல உள்ள போங்க," என்றாள். "சீட்டுல உக்காந்துட்டுக் குடுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அவர் முன்னால் போனார். அவள் பின்னால் போனாள், கடைசி ஆளாக, பட்டியலில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு. நீலவேணி இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். தாமரை அவசரப்படாமல் நடந்தாள்.